யாருக்கும் நட்டமில்லாத பொய்யா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ராணுவத்தில் இருந்ததாகப் பொய் சொல்வது குற்றமா என்று போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் முடிகிற இடத்தில் ஒரு வரி. "பணம் காசு கேட்காதவரை இது யாருக்கும் நட்டமில்லாத பொய்தானே" என்று. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் பத்தாவது வரை படித்தவள், சட்டம் தெரிந்தவள் இல்லை. என் கணவர் மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தார். 1984-ல் வெலிங்டனில் உள்ள அவர்கள் பயிற்சி சென்டரில் சேர்ந்து 24 வருஷம் முடித்து 2008-ல் வந்தார். 2021-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

என் பிறந்த ஊர் வேலூர் மாவட்டத்தில், கம்மவான்பேட்டைக்குப் பக்கம். அந்த ஊரை ராணுவப்பேட்டை என்று சொல்வார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் பக்கம் ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்து நானும் மிலிட்டரி என்று சொல்லட்டும், எந்த சென்டர், எந்த யூனிட், எப்போது லீவு வந்தாய் என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள், அஞ்சாவது நிமிஷம் ஆள் எழுந்து போய்விடுவான். என் கணவர் போன பிறகு நான் மகளோடு வேறு ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே கேட்க ஆளில்லை.

பேரன் படிக்கிற பள்ளியில் குடியரசு தினத்துக்குக் கொடியேற்ற ஒருவரை அழைத்து வந்தார்கள். கார்கில் வீரர் என்று மைக்கில் சொன்னார்கள். சட்டையில் வரிசையாகப் பதக்கங்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், உண்மையாகவே கண் கலங்கியது. பேச்சில் தனக்குப் போரில் காட்டிய வீரத்துக்குத் தரும் வீர் சக்ரா கிடைத்தது என்று ஒரு பதக்கத்தைத் தொட்டுக் காட்டினார். அது எனக்குப் பழகிய பதக்கம், ஐயா. சுதந்திரப் பொன்விழாவுக்கு, 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது. என் கணவர் பெட்டியில் இன்றைக்கும் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவை நான்தான் துடைத்து வைக்கிறேன். வீர் சக்ராவின் ரிப்பன் பாதி கருநீலம், பாதி காவி. பார்த்தவர்களுக்கு மாறாது.

விழா முடிந்ததும் கிட்டே போய் மரியாதையாகத்தான் கேட்டேன், "அண்ணா, நீங்கள் எந்த ரெஜிமெண்ட்?" என்று. "டைகர் ஹில் ரெஜிமெண்ட்" என்றார். டைகர் ஹில் என்பது கார்கில் பக்கம் ஒரு மலை, ரெஜிமெண்ட் இல்லை. 1999 ஜூலையில் அதைப் பிடித்தவர்கள் 18 கிரெனேடியர்ஸ் என்ற படைப்பிரிவு. உங்கள் ராணுவ நம்பர் என்ன என்று கேட்டேன். அதெல்லாம் ரகசியம் அம்மா என்று சொல்லிவிட்டு காரில் ஏறிவிட்டார். ராணுவத்தில் இருந்தவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நம்பர், ரேங்க், பெயர் என்று வரிசையாக வரும். என் கணவர் கடைசி நாட்களில் என் பெயரையே மறந்திருந்தார், நம்பரை மறக்கவில்லை.

தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். விடுங்கம்மா, பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்று வந்தால் சரி என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். உங்களிடம் பணம் ஏதும் வாங்கினாரா, இல்லையே, அப்புறம் என்ன கேஸ் என்று கேட்டார்கள். அதே கேள்வியைத்தான் உங்கள் கட்டுரையும் கேட்டிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு வலித்தது.

அன்று சாயங்காலம் பேரன் வந்து கேட்டான், "தாத்தா ஏன் பாட்டி கார்கிலுக்குப் போகலை?" என்று. கார்கில் சண்டை நடந்தபோது அவர் ராஜஸ்தான் எல்லையில் இருந்தார். இரண்டு மாதம் ஒழுங்காகத் தூங்காமல், வாரத்துக்கு ஒரு தடவை எஸ்டிடி பூத்துக்கு போன் வருமா என்று நான் காத்துக்கிடந்தேன். ஊருக்கு வந்தபோது எல்லோரும் கார்கிலா கார்கிலா என்று ஆசையாகக் கேட்டார்கள். இல்லை, நான் அங்கே இல்லை என்றுதான் ஒவ்வொருவரிடமும் சொன்னார். கேட்டவர்கள் முகம் வாடிப்போகும், எழுந்து போய்விடுவார்கள். ஒரு வார்த்தை ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஊரில் மாலை போட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. அந்த மாலையைத்தான் வேறொருவர் வாங்கிக்கொண்டு போனார். இதில் யாருக்கும் நட்டமில்லையா, ஐயா?

அமெரிக்க வழக்கை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சேவியர் ஆல்வரெஸ் கலிபோர்னியாவில் நீர் வாரிய உறுப்பினர். 2007-ல் ஒரு கூட்டத்தில் எழுந்து, 25 வருஷம் மரைன் படையில் இருந்தேன், அந்த நாட்டின் மிகப் பெரிய பதக்கம் 1987-ல் எனக்குக் கிடைத்தது என்றார். ஒரு நாள்கூடப் படையில் இருந்ததில்லை. 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று, வெறும் பொய்யைக் குற்றமாக்கிய சட்டமே செல்லாது என்றது. பதக்கம் பெற்றவர்கள் பட்டியலை அரசு எல்லோரும் பார்க்கும்படி வைத்தால் பொய் தானே வெளிப்பட்டுவிடும் என்று நீதிபதி கென்னடி வழி சொன்னார். அடுத்த வருஷமே புதுச் சட்டம் போட்டார்கள், பணமோ பொருளோ வேறு ஆதாயமோ பெறுவதற்காகச் சொன்னால்தான் குற்றம், ஒரு வருஷம் வரை சிறை.

பேச்சுக்கெல்லாம் சிறை என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்ற அவர்கள் பயம் எனக்கும் புரிகிறது. திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் கதை அளந்தால் அவரைப் பிடித்து உள்ளே போடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேடை ஏறி, பதக்கம் குத்தி, பிள்ளைகளிடம் சல்யூட் வாங்குவதும் ஆதாயம்தான். மரியாதை ஒரு பொருள் இல்லையா? அதற்காகத்தானே அவ்வளவு பேர் போனார்கள், சம்பளத்துக்காக மட்டுமா? திருச்சியில் மேஜர் சரவணன் நினைவுச் சின்னம் இருக்கிறது. கார்கில் சண்டையில், 1999 மே 29 அன்று படாலிக்கில் இறந்தார், உடலை ஒரு மாதத்துக்கும் மேல் மீட்க முடியவில்லை. அவருக்குக் கொடுத்ததுதான் வீர் சக்ரா. அதே பதக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் கொடியேற்றிவிட்டு டிபன் சாப்பிட்டுப் போகிறார்.

நம் நாட்டில் சட்டமே இல்லாமல் இல்லை. இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 168-வது பிரிவு இருக்கிறது, பழைய ஐபிசியில் அதுதான் 140. படைவீரர் இல்லாதவர், படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்பதற்காக அவர்களுடைய உடையையோ அடையாளத்தையோ போட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அபராதம் 500. மகள்தான் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். உங்கள் கட்டுரையில் அமெரிக்கச் சட்டம் மூன்று பக்கம் இருந்தது, இது ஒரு வரி இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனசில் இருப்பது. நிஜமாக இருந்தவர்களிடம் எல்லோரும் காகிதம் கேட்கிறார்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு நான் போனபோது, பணி முடிந்து வரும்போது ராணுவம் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் என் பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்று பதினோரு மாதம் அலைய விட்டார்கள். வருஷா வருஷம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று போய் நிரூபிக்கிறேன். அவருடைய காரியத்துக்கு வந்த ஒருவர், பதினாறு நாள்கூட முடியாத வீட்டில், கேண்டீன் கார்டில் உங்களுக்கும் சரக்கு தருவார்களா என்று என்னிடமே கேட்டார். சந்தையில் படைத்துணி மாதிரி பேண்ட் குவித்து விற்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு எவனாவது அடிதடி செய்தால் பத்திரிகைகளில் ராணுவ வீரர் கைது என்று கொட்டை எழுத்தில் வருகிறது, நாலு நாள் கழித்து அவன் ராணுவமே இல்லை என்று தெரிந்தால் திருத்தம் வருவதில்லை. உங்கள் இதழிலும் அப்படி ஒரு தடவை வந்தது. அப்போதும் எழுதினேன். பதில் இல்லை. உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும், குறை சொல்லவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். இனிமேல் ஒருவரை முன்னாள் ராணுவ வீரர் என்று அச்சிடும் முன் உங்கள் நிருபர் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும், சந்தேகம் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யட்டும். அந்த 168-வது பிரிவை ஒரு ஓரத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள். புத்தகத்தைக் கேட்டால் நிஜ ஆட்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, நம்பரை வெள்ளை பெயிண்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருப்பார்கள். எடுத்துவர இரண்டு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மனைவி