அப்பாவுக்கு, அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். நீங்க, அம்மா, ஆச்சி, அக்கா, அத்தான், பிள்ளைகள், சின்னவன் எல்லாரும் சுகம்தானே.

உங்க கடிதம் போன வாரம் கிடைத்தது. குத்தகைக்காரர் தகராறு, ஆச்சி கண் ஆபரேஷன், வடக்கு வீட்டு மைனி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறது எல்லாம் விவரமாக எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்து ஓரத்தில் இடமில்லாமல் செங்குத்தாக, "நெஞ்சு கொஞ்சம் கனத்தது, வாயுதான், சோடா குடித்தேன், சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கீங்க. அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா வந்து கேட்டதற்கு, "ஒன்றுமில்லை, அவளை ஏன் பயமுறுத்துகிறாய்" என்று சொல்லி அனுப்பிவிட்டீங்களாம். போனில் பேசினால் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன். முதலில் நீங்க கேட்டதற்குப் பதில்.

"நர்ஸ் வேலைக்குத்தானே போனாய், ஆம்புலன்ஸ் ஆபீசில் உனக்கு என்ன வேலை" என்று கேட்டிருந்தீங்க. ஆஸ்பத்திரி அதேதான் அப்பா. கொஞ்ச நாள் வார்டு, மீதி நாள் இந்தக் கவுண்டி முழுக்க ஆம்புலன்ஸ் ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்வது. கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. எந்த வண்டி எங்கே நிற்கிறது, யார் யார் ஊரில் இருக்கிறார்கள், யாருடைய சான்றிதழ் முடியப்போகிறது, எந்த வண்டியில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, எந்த மேட்டுக்குப் பின்னால் போனால் ரேடியோ எடுக்காது, இதெல்லாம் என் பொறுப்பு.

இந்தப் பகுதிக்கு சாண்ட்ஹில்ஸ் என்று பேர். நம்ம தேரிக்காடு முழுக்கப் புல் முளைத்து, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி. சுமார் 50,000 சதுர கிலோமீட்டர் வெறும் மணல்மேடு. பக்கத்தில் செர்ரி கவுண்டி என்று ஒன்று. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி நாலையும் சேர்த்தாலும் அது பெரிது. 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்த ஜனம் 5,455. எங்க கவுண்டி பரப்பில் அதைவிடச் சின்னது, ஜனமும் குறைவு. மாடுதான் எங்கே பார்த்தாலும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பத்து மைல் இருந்தால் அதைப் பக்கத்து வீடு என்றுதான் சொல்கிறார்கள்.

செர்ரி கவுண்டிக்கு நடுவே நேரக் கோடு வேறு போகிறது. கிழக்கே மணி பத்து என்றால் மேற்கே ஒன்பது. அங்கிருந்து யாராவது உதவிக்கு வண்டி கேட்டால், எந்தக் கணக்கில் நேரம் சொல்கிறீர்கள் என்று கேட்டுத்தான் எழுதுவேன். நெஞ்சு வலிக்காரருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாமா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்வதே வலி எப்போது தொடங்கியது என்பதைப் பார்த்துத்தான். அதில் ஒரு மணி நேரம் தவறிவிடக் கூடாது.

நம்ம ஊரில் 108 கூப்பிட்டால் சம்பளத்துக்கு இருக்கிற ஆள் வண்டியோடு வருவார். இங்கே அப்படி இல்லை. வண்டியில் வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். மாட்டுப் பண்ணைக்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர், பேங்கில் வேலை பார்க்கிற பெண். இடுப்பில் பேஜர் இருக்கும், அவசரம் என்றால் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற சின்னக் கருவி. இங்கத்து அவசர எண்ணான 911-க்குப் போன் வந்ததும் ஷெரிஃப் ஆபீசில், அதாவது கவுண்டி போலீஸ் ஆபீசில், இருக்கிற பெண் பேஜரை அடிப்பாள். இவர்கள் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு, தங்கள் காரில் ஷெட்டுக்கு வந்து வண்டியை எடுக்கணும். ஓட்ட ஒருவர், நோயாளி பக்கத்தில் ஒருவர், இரண்டு பேர் சேராமல் வண்டி நகராது. யாரும் பதில் சொல்லவில்லையென்றால் திரும்ப அடிக்கணும், அப்புறம் பக்கத்துக் கவுண்டியைக் கேட்கணும். பிப்ரவரி, மார்ச்சில் பசுக்கள் கன்று ஈனும் சமயம் பண்ணைக்காரர்கள் தொழுவத்தை விட்டு வர முடியாது. ஜூலையில் புல் அறுப்பு. அந்த மாதங்களில் வியாழக்கிழமை பகலுக்கு இரண்டு பேரைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்குப் பாதி நாள் போய்விடும். வருகிறவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. பல மாநிலங்களில் போலீசும் தீயணைப்பும் கட்டாயம் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆம்புலன்சுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வரும்.

அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாள். அரிசி, பருப்பு, புளிக்கெல்லாம் குறைவில்லை. இந்தியக் கடை ஓமாஹாவில்தான், காரில் ஐந்து மணி நேரம். ஆனால் எங்கள் ஆம்புலன்ஸ் ஆட்கள் யார் அந்தப் பக்கம் போனாலும் எனக்கு ஒரு அரிசி மூட்டை வந்து சேரும். மாதக் கூட்டத்துக்கு எல்லாரும் வீட்டிலிருந்து ஏதாவது செய்து கொண்டுவருவார்கள். நான் மிளகு ரசம் வைத்துப் பெரிய பிளாஸ்கில் கொண்டுபோவேன். குளிருக்கு அதைக் குடித்துப் பழகிவிட்டார்கள். இப்போது நான் வெறுங்கையோடு போனால் விடுவதில்லை.

எதிர் வீட்டுப் பெரியவரைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதினேனே, அவர் மாறவே இல்லை. மனைவி போய்விட்டாள், தனி ஆள். விடியுமுன் டிராக்டரில் வந்து என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். நன்றி சொல்லக் கதவைத் திறந்தால் ஆள் இருக்கமாட்டார். சாலையில் எதிரே வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார், அதுதான் வணக்கம். இளவயதிலிருந்து ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஒருநாள் மட்டும் வாய் திறந்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஆம்புலன்ஸ் என்று தனியாக எதுவும் இல்லையாம். சவ அடக்கம் செய்கிற கடையின் வண்டிதான் நோயாளியையும் ஏற்றிப் போகுமாம், படுக்க இடமுள்ள வண்டி அது ஒன்றுதான் என்பதால். 1960களில் அமெரிக்காவில் பாதி ஊர்களில் அதுதான் நிலைமை. 1966-இல் வந்த ஒரு அறிக்கைக்குப் பிறகுதான் பயிற்சி, விதிமுறை என்று ஒவ்வொன்றாக வந்தன. சின்னவனிடம் இதைச் சொல்லுங்க, அவனுக்குப் பிடிக்கும். 911-க்கு முதல் போன் அடித்ததும் பெரிய பட்டணத்தில் இல்லை. அலபாமாவில் ஹேலிவில் என்கிற சின்ன ஊரில், 1968 பிப்ரவரி 16.

போன மாதம் ஒரு ராத்திரி. விழுந்து கிடந்த பனியே காற்றில் எழும்பி, வண்டி விளக்குக்கு முன்னால் வெள்ளைச் சுவராக நின்றது. நாற்பது மைலுக்கு அப்பால் பண்ணை வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி. ஹெலிகாப்டர் கேட்டோம், அந்தக் காற்றில் பறக்க முடியாது என்றார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. நெடுஞ்சாலைத் துறையின் பனி தள்ளும் லாரியை எழுப்பி, அது முன்னால் வழி செய்ய, எங்கள் வண்டி பின்னால் போனது. கூடுதல் பயிற்சி பெற்ற பாராமெடிக் பக்கத்துக் கவுண்டி வண்டியில்தான் இருந்தார். இரண்டு வண்டியும் நடுவழியில் எந்த முக்கில் சந்திப்பது என்று வரைபடத்தில் பார்த்துச் சொன்னேன். போன் எடுத்த பெண் அந்த வீட்டம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லுங்க, நடக்க விடாதீங்க, கேட்டைத் திறந்து வையுங்க, வெளி விளக்கைப் போடுங்க, நாயைக் கட்டுங்க.

பயம் எனக்கு ஒன்றே ஒன்றுதான். நெடுஞ்சாலையிலிருந்து அந்தப் பண்ணைக்குத் திரும்புகிற மண் பாதை பனியில் தெரியாது. தாண்டிப் போய்விட்டால் திரும்பிவர இடம் கிடையாது. அப்போது ரேடியோவில் எங்கள் டிரைவர் சொன்னார், திருப்பத்தில் ஒரு பிக்கப் நிற்கிறது, விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது என்று. எதிர் வீட்டுப் பெரியவர். யாரும் கூப்பிடவில்லை. ரேடியோவில் கேட்டுவிட்டு அவராகவே போய் நின்றிருக்கிறார். எங்க ஆஸ்பத்திரி சின்னது. சட்டப்படி இந்த வகைச் சின்ன ஆஸ்பத்திரிக்கு 25 படுக்கைக்கு மேல் கிடையாது. இதய அடைப்பைப் பலூன் வைத்துத் திறக்கிற வசதியும் இல்லை. வண்டியிலிருந்தே ஈசிஜி எங்களுக்கு வந்துவிட்டதால் ஊசி தயாராக இருந்தது, வந்ததும் போட்டார்கள். விடிந்து காற்று தணிந்த பிறகு ஹெலிகாப்டரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவர் பிழைத்து வீடு வந்துவிட்டார்.

ஆனால் வலி வந்தும் ரொம்ப நேரம் போன் செய்யாமல் இருந்தார்கள் அப்பா. பில்லுக்குப் பயந்து. இங்கே ஆம்புலன்சுக்குப் பணம் கட்டணும். எதிர்பாராத பெரிய பில்லிலிருந்து இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிற ஜனங்களைக் காப்பாற்ற 2022-இல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. அதில் ஹெலிகாப்டரைச் சேர்த்தார்கள், சாலையில் போகிற ஆம்புலன்சை விட்டுவிட்டார்கள். 108-க்கு நாம் ஒரு பைசா கொடுப்பதில்லை. 2008-லிருந்து நம்ம ஊருக்கு வருகிற அந்த வண்டியைக் கூப்பிடாமல் நீங்க சோடா குடித்தீங்க.

என் மேசைக்கு மேலே ஒரு போர்டு இருக்கு. கவுண்டியில் தனியாக இருக்கிற வயதானவர்கள், இதய நோயாளிகள், ஆக்சிஜன் வைத்திருக்கிறவர்கள் பேரெல்லாம் வரிசையாக எழுதியிருப்பேன். ஒவ்வொரு பேருக்கு நேரே, வண்டி போய்ச் சேருவதற்கு முன்னால் யார் ஓடுவார் என்று இன்னொரு பேர். உங்க கடிதம் வந்த அன்று ராத்திரி அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பின் தெரியாத அத்தனை கிழவர்களுக்கும் ஆள் எழுதி வைத்திருக்கேன். என் அப்பாவுக்கு யார் என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து வெளியே போய் நின்றேன். அந்தக் குளிரிலும் உள்ளே வரத் தோன்றவில்லை.

அம்மாவிடம் இதை வாசித்துக் காட்ட வேண்டாம். நான் தனியாக இருக்கேன் என்று அவள் கவலைப்பட வேண்டியதும் இல்லை. லீவு நாளிலும் ரேடியோவை அணைக்கமாட்டேன், வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

இப்போது நான் சொல்வதைத் தட்டாமல் கேளுங்க. உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு வந்தாலும் சில நேரம் பலமான வலி இருக்காது, கனம், வேர்வை, மூச்சு வாங்கல் என்று மட்டும் வரலாம். நாளைக் காலையில் சின்னவனோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஈசிஜி எடுங்க. அது சரியாக இருந்தாலும் அதோடு விடாமல், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இதய டாக்டரைப் பார்க்கணும். மறுபடி கனம் வந்தால் சோடா வேண்டாம், பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவதும் வேண்டாம், 108. 2023-லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் உதவியாகக் கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அதனால் முதலில் அங்கே போவது வீண் அலைச்சல் இல்லை.

108-இல் போன் எடுக்கிறவர் சென்னையில் இருப்பார், நம்ம தெரு அவருக்குத் தெரியாது. தாலுகா, ஊர், பிள்ளையார் கோவில் முக்கு, இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி அம்மா போன் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்க. வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வண்டி வராது. முக்கில் டார்ச்சோடு ஒருவர் நிற்கணும். சின்னவன் இருந்தால் சின்னவன், அவனுக்கு ராத்திரி வேலை உள்ள நாளில் மேலத்தெரு மாமா மகன். அவனிடம் நானே பேசிவிட்டேன், சரி என்றான். மாத்திரைச் சீட்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே மஞ்சள் பையில் நடையில் தொங்கட்டும். நடையில் கட்டியிருக்கிற கிடாவைப் பின்கட்டுக்கு மாற்றுங்க. ஸ்ட்ரெச்சர் வருகிற வழி அது.

சின்னவன் 108 வேலைக்கு மனு போடலாமா என்று கேட்டிருந்தான். போடட்டும். நல்ல வேலை அது. நெஞ்சை அழுத்துகிற பயிற்சியை இப்போதே எடுக்கச் சொல்லுங்க. நிமிடத்துக்கு 100 முதல் 120, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். வீட்டில் அவனுக்கு ஒருவனுக்காவது அது தெரிந்திருக்கட்டும்.

குத்தகை விஷயத்தில் நீங்க விட்டுக்கொடுங்க. அந்த அரை மூட்டை நெல்லுக்காக வெயிலில் வரப்பில் நின்று சத்தம் போடவேண்டாம். அத்தான் போய்ப் பேசட்டும். அக்கா மகளுக்குக் காதுகுத்து தை மாதம் என்றால் எனக்காகத் தள்ளிப்போட வேண்டாம். நான் அடுத்த வருஷம்தான் வர முடியும், இங்கே ஆள் குறைவு. தோடு என் செலவு என்று சொன்னது சொன்னதுதான்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். காருக்குக் குளிர்கால டயர் மாற்றினேன், வேறொன்றும் இல்லை. கூடுதலாக ராத்திரி ஷிப்ட் கேட்டிருக்கேன், அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுவேன். கூட்டுறவு பேங்கில் அம்மா சங்கிலிக்கு வட்டி கட்டவேண்டிய தேதி பத்து. நகையை மீட்க அவசரப்படாதீங்க, வட்டியை மட்டும் கட்டி மாற்றி வையுங்க. ரசீதையும் ஈசிஜி தாளையும் சின்னவன் போட்டோ எடுத்து அன்றைக்கே எனக்கு அனுப்பணும். ஈசிஜி முதலில்.

இப்படிக்கு,
உங்கள் மகள்