மார்பகக் கட்டி ஸ்கேனுக்கு லீனியர் புரோப் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
அரசு தாலுகா மருத்துவமனைகளில் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்கள்

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ நலப்பணிகள்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று தொற்றா நோய்ப் பிரிவிலிருந்து அனுப்பப்படும் பெண்கள் முதலில் எங்களிடம்தான் வருகிறார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷின் இருக்கிறது. இருப்பது வயிற்றுக்கும் கர்ப்பத்துக்குமான 3.5 மெகாஹெர்ட்ஸ் வளைந்த புரோப் (உடல்மேல் வைத்து நகர்த்தும் கருவி) மட்டுமே. அது ஆழத்தில் உள்ளதைப் பார்ப்பதற்கானது. மார்பகக் கட்டியோ பெரும்பாலும் தோலிலிருந்து ஓரிரு செ.மீ. ஆழத்துக்குள் இருப்பது, அந்த இடம்தான் இதில் மங்கும். 8 மி.மீ. நீர்க்கட்டிக்குள் பொய் எதிரொலி நிரம்பி, சதைக்கட்டி போலத் தெரியும். கெயினை (எதிரொலியின் பிரகாசம்) குறைத்தால் நிஜமான சதைக்கட்டியும் நீர்க்கட்டி போல ஆகிவிடும். கடைசியில் ‘கட்டி உள்ளது’ என்று எழுதிக் கொடுக்கிறோம். அது அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரியும்.

தேவை, 12 மெகாஹெர்ட்ஸ் வரை போய், தோலுக்கு அருகில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும் தட்டையான லீனியர் புரோப். அந்தப் பக்கத் தோளுக்கடியில் தலையணை வைத்து, கையைத் தலைக்குமேல் தூக்கிச் சற்றே ஒருக்களிக்கச் செய்தால் மார்பு பரந்து மெலியும். ஃபோகஸ் கட்டியின் ஆழத்திலேயே நிற்க வேண்டும். கொழுப்புத் திரளைக் கட்டியென்று நினைத்து ஏமாறுவது அடிக்கடி நடப்பது. புரோப்பை 90 டிகிரி திருப்பினால் கொழுப்பு நீண்டு பக்கத்துக் கொழுப்போடு கலந்துவிடும். ஃபைப்ரோஅடினோமா (புற்றல்லாத சதைக்கட்டி) முட்டை வடிவிலேயே நிற்கும். அகலத்தைவிட உயரம் கூடி, ஓரம் முள்முள்ளாகி, பின்னால் நிழல் விழுந்தால் சந்தேகப்பட வேண்டும். அக்குளையும் பார்த்தே ஆக வேண்டும். அங்குள்ள நெறிக்கட்டியின் புறணி (வெளி அடுக்கு) 3 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் குறிக்க வேண்டும். ‘வலது மார்பு, 10 மணி நிலை, காம்பிலிருந்து 4 செ.மீ.’ என்று இடமும், மூன்று அளவுகளும், புற்றுச் சந்தேகம் எவ்வளவு என்று குறிக்கும் பைராட்ஸ் எண்ணும் இல்லாத ரிப்போர்ட்டை வைத்து அறுவை மருத்துவர் ஊசியை எங்கே போடுவார்?

மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) இது மாற்று என்று நாங்கள் சொல்லவில்லை. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் வேண்டும்; நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளை ஸ்கேன் பெரும்பாலும் தவறவிடும். 30 வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், பாலூட்டுவோருக்கு ஸ்கேன்தான் முதலில்.

பைராட்ஸ் 4, 5 என்றால், அதாவது புற்றுச் சந்தேகம் என்றால், கோர் பயாப்ஸி (தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுப்பது). மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசியில் செல் மட்டும் வரும். புற்று திசுவுக்குள் ஊடுருவிவிட்டதா என்பதை அது காட்டாது. 14 கேஜ் ஊசியைப் புரோப்புக்கு இணையாக, நுனி திரையில் தெரியும்படி செலுத்தி 4, 5 துண்டுகள் எடுத்து, உடனே, திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். சலைனில் போட்டு மறுநாள் பஸ்ஸில் அனுப்பினால் திசு கெட்டு, ஹார்மோன் சிகிச்சை பலிக்குமா என்று காட்டும் ஹார்மோன் ரிசெப்டார் முடிவை நம்ப முடியாது.

ஆகவே, ஒவ்வொரு தாலுகா மருத்துவமனைக்கும் ஒரு லீனியர் புரோப், ஒரு பயாப்ஸி கன், 14 கேஜ் ஊசிகள், ஃபார்மலின் பாட்டில்கள் வழங்கவும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எங்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி அளிக்கவும் வேண்டுகிறோம். புரோப்பை அந்தந்த மெஷினின் மாடல் எண்ணைச் சரிபார்த்தே வாங்க வேண்டும். வேறு கம்பெனியுடையது பொருந்தாமல் பீரோவில்தான் கிடக்கும். மெஷின்களின் மாடல் பட்டியலை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஸ்கேன் பிரிவு மருத்துவர்கள்