கேசட் நகலெடுத்த கைகளுக்கு நன்றி

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து ராப் குழுவான த்ரீ சிக்ஸ் மாஃபியா வளர்ந்த கதையைத் தமிழில் பேசிப் பதிவு செய்துவந்த ஒலித்தொடர் போன வாரம் முடிந்தது. உதவியவர்களிடம் போனில் நன்றி சொல்லிவிட்டேன், ஆனாலும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒருமுறை சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

முதல் நன்றி மெம்ஃபிஸ் நகரத்து ஆட்களுக்கு. 1991-இல் டிஜே பால், அவருடைய சகோதரர் லார்ட் இன்ஃபேமஸ், ஜூசி ஜே மூவரும் சேர்ந்தபோது கையில் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. தெற்கு மெம்ஃபிஸ்காரர்களோடு வடக்கு மெம்ஃபிஸ் ஜூசி ஜே சேர்ந்ததே அந்த ஊரில் பெரிய விஷயம். அதிலும் தெருவுக்குத் தெரு தேவாலயம் இருக்கிற ஊரில் ட்ரிபிள் சிக்ஸ் (666) என்று சாத்தானின் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டு, பிணம், சுடுகாடு, பேய்ப்படத்துப் பின்னணி இசை என்று பாட்டுக் கட்டினால் யார் தொடுவார்கள்? தொட்டவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கார் ஸ்டீரியோ கடைக்காரர்களும்தான். நம்மூரில் பாட்டு லிஸ்ட் கொடுத்து கேசட்டில் பதிந்து வாங்கிய ரெக்கார்டிங் சென்டர் காலம் நினைவிருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். கை மாறி, நகலுக்கு நகல் எடுத்து, இரைச்சல் கூடக்கூட அந்தப் பாட்டுகளில் பயமும் கூடியது. அந்தக் கடைக்காரர்கள் பெயர்கூட எங்கும் பெரிதாக வரவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இவர்களுக்கு முன்னாலேயே 808 டிரம் மெஷினை வைத்து மெம்ஃபிஸ் கிளப்புகளை அதிரவைத்த டிஜே ஸ்பானிஷ் ஃப்ளைக்கும், 1995-இல் இவர்களுடைய 'மிஸ்டிக் ஸ்டைல்ஸ்' ஆல்பத்தைக் கடைகளுக்குக் கொண்டுபோன செலக்ட்-ஓ-ஹிட்ஸ் விநியோகஸ்தர்களுக்கும் நன்றி. எல்விஸ் பிரெஸ்லியை முதலில் பதிவு செய்த சாம் பிலிப்ஸின் அண்ணன் டாம் தொடங்கிய குடும்ப நிறுவனம் அது. அதே குடும்பத்தின் வழியாகவே இந்தப் பாட்டும் வெளியூர் போயிருக்கிறது, படித்தபோது சிலிர்த்தது.

அப்புறம் நம் ஆட்கள். மெம்ஃபிஸில் ஐடி வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், ராப் என்றாலே முகம் சுளிப்பவர், எனக்காக ஒரு ஞாயிறு முழுக்கக் கார் ஓட்டி வைட்ஹேவன் பக்கத்துத் தெருக்களைப் படம் எடுத்து அனுப்பினார். அண்ணா, அந்தப் படங்கள் இல்லையென்றால் நான் ஊர் தெரியாமலே ஊரைப் பற்றிப் பேசியிருப்பேன். ரீல்ஸில் கார் வீடியோக்களுக்குப் பின்னால் ஓடும் ஃபாங்க் (phonk) இசையில் டங் டங் என்று கேட்கும் அந்த மணிச்சத்தம் இந்த மெம்ஃபிஸ் கேசட்டுகளிலிருந்து வந்தது என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுத்த தம்பிக்கும் நன்றிடா, எல்லாம் ஆரம்பித்தது உன்னால்தான்.

மதினிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வரிகளில் பெண்களைப் பற்றி வரும் கொடூரத்தை மழுப்பாமல் பேசு, அதே சமயம் இந்தக் குழுவில் பாடிய கேங்ஸ்டா பூவை ஓரமாக வைத்துவிடாதே என்று சண்டை போட்டவர் அவர்தான். பள்ளிக்கூடத் திறமைப் போட்டியில் டிஜே பால் கண்ணில் பட்ட பெண், 'மிஸ்டிக் ஸ்டைல்ஸ்' வந்தபோது வயது 15. அத்தனை ஆண் குரல்களுக்கு நடுவே அந்தப் பிள்ளை நுழையும் இடத்தில் பாட்டே வேறாகிறது. மதினி சொன்னபிறகுதான் அதை நானே ஒழுங்காகக் கேட்டேன்.

2006 மார்ச்சில் இந்தக் குழு ஒரு பாட்டுக்காக ஆஸ்கர் வாங்கியது, எல்லோருக்கும் தெரிந்த கதை அது. என்னைக் கேட்டால் அந்தப் பாட்டைவிட 1995 ஆல்பம் எவ்வளவோ மேல். அந்த மேடையில் லார்ட் இன்ஃபேமஸ் இல்லை, குழுவின் இன்னொரு ராப்பர் கூப்ஸ்டா நிக்கா இல்லை, கேங்ஸ்டா பூவும் இல்லை. 2013, 2015, 2023 என்று மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். வேகவேகமாக மூன்று மூன்று தட்டாக அடுக்கும் லார்ட் இன்ஃபேமஸின் அந்த நடை இன்று எத்தனையோ பேர் வாயில் ஓடுகிறது, அவருக்கு என் நன்றி எப்படிப் போய்ச் சேரும் என்று தெரியவில்லை.

பழைய கேசட்டுகளைத் தேடி எடுத்து இரைச்சலோடு அப்படியே கணினியில் ஏற்றிவைத்திருக்கும் முகம் தெரியாத அத்தனை பேருக்கும் பெரிய கும்பிடு. அடுத்து கேங்ஸ்டா பூ தனியாகப் போட்ட ஆல்பங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். 1998-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் கேசட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், தபால் செலவு என்னுடையது.