வாங்கில் இருப்பவரையும் உள்ளே அழையுங்கள்

வடக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பிராந்தியப் பணிப்பாளர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற நான், போதைப்பொருள் பாவனைக்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளைக் கூட்டிவருகின்றவர்களுக்காக இம்மடலை எழுதுகின்றேன்.

அண்மையில் அயலிலுள்ள அம்மம்மா ஒருவருடன், ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன் போதைப்பொருள் பழக்கத்துக்கு ஆளான அவரது பேரனைக் கூட்டிக்கொண்டு வைத்தியசாலையொன்றுக்குப் போயிருந்தேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் போய், இரண்டு மணித்தியாலம் வாங்கில் காத்திருந்த பிறகு பெடியன் மட்டும் உள்ளே அழைக்கப்பட்டான். பத்து நிமிடத்தில் கொப்பியில் அடுத்த திகதியோடு திரும்பி வந்தான். "கவனமாய்ப் பார்த்துக்கொள்ளுங்கோ அம்மா" என்பதே அவருக்குக் கிடைத்த முழு அறிவுரை. அவர் தமக்குத் தெரிந்த விதத்தில் கவனமாகப் பார்த்தார்: அன்றிரவே அறைக் கதவுக்கு ஆமைப்பூட்டுப் போட்டார். மூன்றாம் நாள் அவன் யன்னலால் போய்விட்டான்.

ஐஸை நிறுத்திய முதல் நாள்களில் பிள்ளை இரவு பகலாகத் தூங்குவான், எழும்பினால் அள்ளி அள்ளிச் சாப்பிடுவான் என்பதையும், சுகப்பட்டுவிட்டான் என்று வீடு நிம்மதி கொள்ளும் வேளையிலேயே எரிச்சலும் மனச்சோர்வும், சிலருக்குத் தற்கொலை எண்ணமும் தலைதூக்கக்கூடும் என்பதையும் அவருக்கு எவரும் சொல்லவில்லை. ஹெரோயினுக்காவது மெதடோன் போன்ற மருந்துகள் உலகில் உண்டு. ஐஸ் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. ஆகவே சிகிச்சையின் பெரும்பகுதி, சோறு போடும் அந்த மனுஷியின் குசினியிலும் முற்றத்திலும்தான் நடக்கின்றது.

1999 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், சிகிச்சைக்கு வர மறுத்த குடிகாரர்களின் நெருங்கிய உறவினர் 130 பேருக்கு மூன்று விதமாக வழிகாட்டினார்கள். குடிக்காதிருக்கும் நேரத்தை அன்பால் பலப்படுத்தவும், குடித்திருக்கும் நேரத்தில் வாக்குவாதப்படாமல் விலகவும், எப்போது பேச்செடுப்பது என்று அறியவும் பயிற்றப்பட்டவர்களில் 64 வீதமானோர் தம் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டார் கூட்டாகச் சேர்ந்து, சிகிச்சைக்கு வரும்படி குடிப்பவரை நேருக்கு நேர் கேட்கப் பயிற்றப்பட்டோரில் அது 30 வீதம். தம்மை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லப்பட்டோரில் 13 வீதம். அது வளர்ந்தவர்களின் மதுவைப் பற்றியது என்பதை நான் மறைக்கவில்லை. எனினும் ஏசுவதும் பூட்டுவதும் தவிர வேறு வழி வீட்டாருக்குக் கற்பிக்கக்கூடியதே என்று அது காட்டுகின்றது. நாமோ கூட்டங்களில் "வளர்ப்புச் சரியில்லை" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகின்றோம். நானும் அப்படிச் சொல்லியவள்தான்.

அடுத்தது, பெற்றோர் என்ற சொல். அந்தப் பெடியன் 2009 இல், இறுதிப் போர்க்காலத்தில் பிறந்தவன். தகப்பன் அப்போதே காணாமல் ஆக்கப்பட்டார். தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கின்றார். படிவத்தில் "பெற்றோர் கையொப்பம்" கேட்டபோது அம்மம்மா பேனையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பெரியம்மாவோ, மூத்த அக்காவோ, எவர் வளர்க்கின்றாரோ அவரது பெயரே அங்கு எழுதப்பட வேண்டும். தகப்பனே குடித்துவிட்டு அடிக்கின்ற வீடுகளும் உண்டு என்பதால், யாரைச் சேர்ப்பது என்பதைப் பிள்ளையிடமே முதலில் கேட்பது நல்லது. அவன் வைத்தியரிடம் சொன்னதில் எது வீட்டாருக்குப் போகலாம், எது போகக்கூடாது என்பதையும் அவனோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். அந்த நம்பிக்கை போனால் அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டான்.

ஒவ்வொரு வருகையிலும் வளர்ப்பவருக்கென அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் நாட்கூலியை விட்டுவிட்டு வருகின்றவர்களுக்காக, மாதத்தில் ஒரு நாளாவது அந்தச் சந்திப்பை அவர்களது பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலேயே நடத்துங்கள். ஆளணி போதாது என்பதை அறிவேன்; ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்களைப் பயிற்றினால் சம்பளமில்லாமலே வருவோம்.

பெடியன் நான்காம் நாள் பசியோடு திரும்பி வந்தான். ஆமைப்பூட்டு இப்போது கோழிக்கூட்டில் தொங்குகின்றது. அடுத்த திகதிக்கு அம்மம்மா கேட்கவேண்டிய ஐந்து கேள்விகளை என் கையால் எழுதிக் கொடுத்திருக்கின்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
கிளிநொச்சி மாவட்டம்.