வெள்ளவத்தையில் உதவிய வேன்கார அண்ணாவுக்கு நன்றி

நேற்றுப் பின்னேரம் வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் எங்கள் கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோது உதவிய அண்ணாவுக்கு இந்தப் பதிவு. பெயரைக் கேட்பதற்குள் போய்விட்டீர்கள்.

கண்ணில் சத்திரசிகிச்சை செய்த அம்மா பின்சீட்டில். மழை வேறு. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். ஆபீஸ் விடுகிற நேரம், ஒரு ஓட்டோவும் நிற்கவில்லை. நீங்கள்தான் வேனை ஓரங்கட்டி இறங்கி வந்தீர்கள். காரைப் பார்க்க முதலே, "அம்மாவை வேனுக்குள்ள இருக்கச் சொல்லுங்க" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தை போதும் அண்ணா, வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன்.

அப்புறம் பொனட்டைத் திறந்து, பட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டித் துடைத்தீர்கள். கடல் காற்றுக்கு இது கெதியாக வரும் என்றீர்கள். சிவப்பு வயரை இரண்டு பட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டினீர்கள். கறுப்பு வயர் உங்கள் பட்டரியின் மைனஸில் இருந்து எங்கள் என்ஜின் இரும்புக்கு. கடைசி இணைப்பைப் பட்டரியில் இருந்து தள்ளிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டரியில் இருந்து வரும் வாயுவில் பொறி பட்டு வெடிக்கலாம் என்று நனைந்தபடியே பொறுமையாக விளக்கினீர்கள். கார் உறுமியதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டா. காசு நீட்டினேன், வாங்கவில்லை.

பட்டரி மாற்றியாகிவிட்டது, அம்மாவும் சுகம். அவ நனையாமல் நீங்கள் பிடித்த குடை எங்களிடமே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வெள்ளை வேன் ஓடும் இந்த அண்ணாவைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், குடையோடு நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டும்.