7.1 மட்டும் போதாது, தம்பி

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள பெரிய தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘எச்பிஏ1சி 7.1, பாஸ்’ என்று பக்கத்திலேயே எழுதியிருந்தாய். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அது. போன தடவை 9.4 இருந்தது. அதை இவ்வளவு இறக்கியது லேசான காரியம் இல்லை. நீயும் மருமகளும் பட்ட பாடு அதில் தெரிகிறது. ஆனால் அதே தாளில் கீழே இன்னும் மூன்று எண்கள் இருக்கின்றன. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 3.6, ரத்த அழுத்தம் 148/92, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் 6.2. அவற்றைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. போனில் சொன்னால், நீ மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போகும் ஜொகூர் பாலத்து நெரிசலில் பாதிதான் காதில் விழும். அதனால்தான் கடிதம். மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படி.

இனிப்புநீர் (சர்க்கரை நோய்) கண்ணை, சிறுநீரகத்தை, கால் நரம்பைக் கெடுக்கும் என்பது உனக்குத் தெரியும். உயிரை அதிகம் வாங்குவது இருதயமும் ரத்தக் குழாயும்தான். இனிப்புநீர் உள்ளவருக்கு மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர். நம் இந்தியர்களில் அது 31.4 சதவீதம். மூன்று பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள். நம் தாமானில் (குடியிருப்பில்) எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் இருக்கும். எல்டிஎல் எவ்வளவு என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

சின்ன வயதில் ரப்பர் பால்மரத்துக் கோட்டில் படிந்த ஒட்டுப்பாலை உரித்து உருண்டை பிடிப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? ரத்தக் குழாயின் உள்தோலுக்கு அடியில் எல்டிஎல் கொழுப்பு அப்படித்தான் வருஷக்கணக்காகப் படிகிறது. அழுத்தம் கூடினால் உள்தோல் அடிபடும், சர்க்கரையும் புகையும் அதைப் புண்ணாக்கும், அந்த இடம் பார்த்துக் கொழுப்பு உள்ளே புகும். ஒரு நாள் அந்தப் படிவின் மூடி கிழிந்தால், மங்கில் வடிந்த ரப்பர் பாலில் ஆசிட் விட்ட மாதிரி ரத்தம் அங்கேயே கட்டியாகிவிடும். மாரடைப்பு என்பது அதுதான். சர்க்கரையை மட்டும் இறக்கிவிட்டு அழுத்தத்தையும் கொழுப்பையும் விட்டால் வேலை பாதியில் நிற்கிறது.

டென்மார்க்கில் ஸ்டெனோ என்ற இடத்தில் ஓர் ஆய்வு நடந்தது. உன்னைப் போலவே இனிப்புநீரும் சிறுநீரில் கொஞ்சம் அல்புமினும் உள்ள 160 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மற்ற பாதிப் பேருக்குச் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு, புகை, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். 2003-இல் முடிவு வந்தபோது, ஏறக்குறைய எட்டு வருஷத்தில் இரண்டாவது கூட்டத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் பாதியாகக் குறைந்திருந்தன. அவர்களிலும் சர்க்கரை இலக்கை எட்டியவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்த விஷயத்தை நீ மனதில் வைக்கவேண்டும். சர்க்கரை அப்படி இப்படி இருந்தும், மற்றதையெல்லாம் பிடித்ததால் பலன் கிடைத்தது.

7.1-ஐ 5.8 ஆக்கப் பட்டினி கிடக்கப் போவதாகச் சொன்னாயாம், மருமகள் சொன்னாள். வேண்டாம் ஐயா. எச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே கொண்டுவர மருந்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வொன்றில் சாவு கூடியதால், 2008-இல் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். நீ சர்க்கரையை இறக்கும் கிளிக்லாசைட் வேறு சாப்பிடுகிறாய். பட்டினியோடு அது சேர்ந்தால், விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை 4-க்குக் கீழே விழும். கை நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடி, 15 நிமிஷம் கழித்துத் திரும்பக் குத்திப் பார். மோட்டார்சைக்கிள் எடுக்கும் முன் 5-க்கு மேல் இருக்கவேண்டும். விடியற்காலை நாலரைக்குப் பாலத்துக் கூட்டத்தில் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

இனி எல்டிஎல். உன் வயதுக்கு, அல்புமினும் வந்துவிட்டதால், அது குறைந்தபட்சம் 1.8-க்குக் கீழேயாவது இருக்கவேண்டும். 3.6 என்பது சரியாக இரண்டு மடங்கு. கொழுப்பை இறக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமை இரண்டு மாதமாக நிறுத்திவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். ‘கிட்னி போய்விடும், கால் வலிக்கும்’ என்று வேலையிடத்தில் யாரோ சொன்னார்களாம். அட்டோர்வாஸ்டாட்டின் கிட்னியைக் கெடுப்பதில்லை. சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மை, ஆனால் அது தடுக்கிற மாரடைப்புக்கு முன் அந்த ஏற்றம் அற்பம். எல்டிஎல் 1 மில்லிமோல் இறங்கினால் பெரிய இருதய, மூளைத் தாக்குதல்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. இனிப்புநீர் உள்ளவர்களிடமும் இதே கணக்குதான்.

கால்வலிக்கும் ஒரு கதை இருக்கிறது. வலிக்கிறதென்று ஸ்டாட்டினை (உன் அட்டோர்வாஸ்டாட்டின் வகை மாத்திரையை) நிறுத்திய 60 பேரை லண்டனில் சோதித்தார்கள். சில மாதம் உண்மையான மாத்திரை, சில மாதம் வெறும் மாவு மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை. எது எந்த மாத்திரை என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. 2020-இல் முடிவு வந்தது: மருந்தில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் மாவு மாத்திரையிலும் வந்திருந்தது. வலி பொய் என்று நான் சொல்லமாட்டேன். வலி நிஜம்தான், மாத்திரைமேல் பழி போடும் முன் யோசி என்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நிற்கிறவன் நீ. ஆனால் இரண்டு தொடையும் சேர்ந்து வலித்து, உட்கார்ந்து எழ முடியாமல் பலம் போய், சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. அது அபூர்வம்.

20 மில்லிகிராம் எல்டிஎல்லை நாற்பது சதவீதம் போல இறக்கும். 3.6 என்பது 2.2-ஐ ஒட்டி வரும், இலக்கு எட்டாது. மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கினாலும் இன்னும் 6 சதவீதம்தான் கூடுதலாக இறங்கும். அப்போது கொழுப்பை இறக்கும் இன்னொரு மாத்திரையான எசெட்டிமைப் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேள். ஆரம்பித்து ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து ரத்தம் எடு. அட்டோர்வாஸ்டாட்டினை எந்த நேரமும் போடலாம். ராத்திரி மறந்துபோகிற உனக்குக் காலைதான் சரி. மோட்டார் சாவி தொங்கும் ஆணிக்குக் கீழேயே மாத்திரைப் பெட்டியை வை. மாதாமாதம் மருந்து வாங்க லீவு கிடைக்கவில்லை என்றால், எஸ்.பி.யு.பி. முறையில் வீட்டுக்குப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ மீதி மருந்தை எடுத்துக்கொள்ளலாம். மருந்தகக் கவுண்டரில் கேட்டால் எழுதித் தருவார்கள்.

ரத்த அழுத்தம். 148/92 என்பது நீ படியேறி ஓடிப்போய் எடுத்ததாகவும் இருக்கலாம். அதனால் வீட்டில் எடு. மேல்கையில் சுற்றும் மெஷின் வாங்கு, மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். வாங்கும் முன் மேல்கையின் சுற்றளவை நாடாவால் அள. சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரைதான். உன் கைக்குப் பெரிய பட்டை தேவைப்படும். சின்னப் பட்டை கட்டினால் அளவு பொய்யாக ஏறும். எடுக்கும் முன் அரை மணி நேரம் காப்பி, சிகரெட், நடை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வா. முதுகு சாய்த்து, பாதம் இரண்டையும் தரையில் வைத்து, கால்மேல் கால் போடாமல், கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து ஐந்து நிமிஷம் சும்மா இரு. பட்டை சட்டைக்கு மேலே வேண்டாம், தோலில் படட்டும். பேசாதே. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுது. காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒரு தடவை, ஏழு நாள். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியைப் பார். வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தாண்டினால் கூடுதல் என்று அர்த்தம். உனக்கு 130/80-க்குக் கீழே இருப்பது நல்லது.

இப்போது அம்லோடிபின் மட்டும்தான் சாப்பிடுகிறாய். சிறுநீரில் அல்புமின் வந்தவர்களுக்குப் பெரிண்டோபிரில் வகை மாத்திரை அழுத்தத்தோடு சிறுநீரகத்தையும் காக்கும். அதை ஏன் தரவில்லை என்று கேள், கேட்பதில் தப்பில்லை. ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்கவேண்டும். சிலருக்கு வறட்டு இருமல் வரும். அப்போது லோசார்டான் வகைக்கு மாற்றுவார்கள், நீயாக நிறுத்தாதே. அந்த 6.2-ஐயும் ஒரு தடவை பார்த்து முடிவு செய்ய முடியாது. 3-க்கு மேல் போனால் கூடுதல், ஆனால் காய்ச்சல், நீர்க்கடுப்பு, முதல் நாள் கடும் உடற்பயிற்சி எல்லாமே அதை ஏற்றும். காலை முதல் சிறுநீரில் இன்னும் இரண்டு தடவை பார்க்கச் சொல். உறுதியானால் எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் பற்றியும் கேள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள் அவை. சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் துணை. ஆனால் அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் அந்தரங்கப் பகுதியில் பூஞ்சைப் புண் வரலாம். வாந்தி பேதி வந்தாலோ சாப்பிட முடியாமல் போனாலோ தற்காலிகமாக நிறுத்தவேண்டும்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டுதல் வைத்திருக்கிறாய். முருகனுக்கு நேர்ந்ததை நான் தடுக்கமாட்டேன். ஆனால் விரதம் தொடங்க ஒரு மாதம் முன்னே டாக்டரைப் பார். ஒருவேளைச் சாப்பாட்டு விரதம் என்றால் கிளிக்லாசைட் அளவை அவர் மாற்றுவார். எம்பாகிளிஃப்லோசின் கொடுத்திருந்தால் நிறுத்தச் சொல்லலாம். சைவம் என்ற பேரில் உருளைக்கிழங்கும் சோறும் ரோஸ் சிரப்பும் ஏற்றினால் 7.1 அங்கேயே போய்விடும். பத்துமலையின் 272 படியைவிடத் தார்ரோடுதான் எனக்குப் பயம். கால் நரம்பு மரத்திருந்தால் சூடு தெரியாது, கொப்புளம் புண்ணாகும். இப்போதே கிளினிக்கில் பாத உணர்வைச் சோதித்துப் பார். உணர்வு குறைந்திருந்தால் செருப்பில்லாமல் நடக்காதே, சாமி கோபிக்காது.

சாப்பாட்டில் உனக்கு இரண்டு இடத்தில்தான் ஓட்டை. ஒன்று கடையில் குடிக்கும் தேத்தண்ணி. தே தாரிக் என்ற பால் டீயில் ஊற்றும் கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். ‘கூராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்றாலும் கெட்டிப்பால் உண்டு. பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ கேள், பால் வேண்டுமென்றால் சீனியில்லாத ‘தே சி கோசோங்’. இன்னொன்று குழம்பு பஞ்சிர். சோறு மிதக்கிற அளவு குழம்பு ஊற்றினால் உப்பும் சாந்தானும் (தேங்காய்ப்பாலும்) சேர்ந்தே போகும். ஒரு நாள் முழுக்க உப்பு ஒரு தேக்கரண்டி, 5 கிராம்தான். கருவாடு, இக்கான் பிலிஸ் (நெத்திலி), ஊறுகாய், மேகி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். தட்டில் பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ. மற்றதை மருமகள் பார்த்துக்கொள்வாள்.

நண்பர்களோடு ‘ஒன்றிரண்டு’ சிகரெட் என்கிறாய். நாளுக்கு 20 பிடிக்கிறவருக்கு இருதயத்தில் வரும் கூடுதல் ஆபத்தில் ஏறக்குறைய பாதி, நாளுக்கு ஒன்று பிடித்தாலே வந்துவிடும். குறைப்பதால் இருதயத்துக்குப் பெரிய லாபம் இல்லை. விட்டுவிடு. கிளினிக்கில் அதற்கென்று ஆலோசனையும் மருந்தும் இருக்கின்றன.

யாரோ சொன்னார்கள் என்று தினமும் ஆஸ்பிரின் போடாதே. மாரடைப்பு வராத இனிப்புநீர்க்காரர்களிடம் தடுக்கிற நன்மையை ரத்தக்கசிவு பெரும்பாலும் தின்றுவிடுகிறது என்று 2018-இல் பெரிய ஆய்வே காட்டிவிட்டது. முதுகுவலிக்கு டைக்லோஃபெனாக்கும் வேண்டாம், அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தை அடிக்கும். ஜாமு, மூலிகை மாத்திரை எதற்கும் மால் எண்ணும் (அரசாங்கப் பதிவு எண்) ஹோலோகிராம் ஒட்டும் இல்லையென்றால் வாயில் வைக்காதே. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

ஒன்றை மட்டும் மருமகள் மனப்பாடம் செய்யட்டும். இனிப்புநீர் நரம்பை மரக்கச் செய்வதால் மாரடைப்பில் நெஞ்சுவலியே இல்லாமல் போகலாம். திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், தாடை அல்லது தோள் வலி, காரணமில்லாத சோர்வு. இதைத்தான் நம் ஆட்கள் ‘வாயு’ என்று சொல்லி, எண்ணெய் தேய்த்து, சோடா குடித்துப் படுப்பார்கள். இவை வந்தால் காத்திருக்காமல் உடனே 999, சிங்கப்பூரில் இருந்தால் 995. ஆஸ்பிரின் ஒவ்வாமை இல்லையென்றால் 300 மில்லிகிராமை மென்று விழுங்கு. மோட்டாரைத் தொடாதே, நண்பன் காரிலும் ஏறாதே. ஆம்புலன்சில் இதயம் நின்றால் ஷாக் கொடுக்க மெஷின் இருக்கிறது. கட்டியைக் கரைக்கும் ஊசியோ குழாய் திறப்போ, முதல் மணி நேரங்களில் செய்தால்தான் தசை பிழைக்கும்.

மெஷினை இந்தச் சனிக்கிழமையே வாங்கு. கறுவேப்பிலைப் பொடி அனுப்புகிறேன், உப்புப் போடவில்லை. ஏழு நாள் எடுத்த அளவை ஒரு தாளில் எழுதி, இரண்டாவது ஞாயிறு ராத்திரி படம் பிடித்து அனுப்பு. எண் பெரிதாக இருக்கட்டும், அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரிவதில்லை.

அன்புடன்,
அம்மா