மூன்று அர்ச்சுனாவுக்கு ஒரு கிலோமீட்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது இடி இடித்ததும் குட்டி சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வரவே மாட்டேன் என்று அழுதானே, அதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். நீ "இடி ஒண்ணும் பண்ணாது, வா" என்று கையைப் பிடித்து இழுத்தாய். வீடே அதிரும்படி சத்தம் போடுகிற ஒன்று ஒன்றும் பண்ணாது என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?

உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. சோறு உண்ணாவிட்டால் இடி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று உன்னை மிரட்டியவள் நான்தான். அங்கன்வாடியில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை, சொந்தப் பிள்ளையிடம் மட்டும் சொன்னேன். எட்டாம் வகுப்பு வரைக்கும் மழை வந்தால் தலையணையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து படுப்பாய்.

சரி, அப்போது இடி இடித்தால் பயம் போகச் சொல்லு என்று உன் பாட்டி சொல்லிக்கொடுத்த "அர்ச்சுனா, அர்ச்சுனா" நினைவிருக்கிறதா? அதையே குட்டிக்கு வேறு விதமாகச் சொல்லிக்கொடு. மின்னல் தெரிந்ததும் "அர்ச்சுனா ஒண்ணு, அர்ச்சுனா ரெண்டு" என்று நிதானமாக எண்ணட்டும். கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றுக்கு ஒரு நொடிதான் ஆகிறது. வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தம் நொடிக்கு 340 மீட்டர்தான் வரும். அதனால் மூன்று அர்ச்சுனாவுக்கு ஒரு கிலோமீட்டர். ஆறு வந்தால் மின்னல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் மழை விலகிப் போகிறது, குறைந்தால் நம் பக்கம் வருகிறது. எண்ணுகிற வேலை இருந்தால் பிள்ளைக்கு அழ நேரம் இருக்காது.

அதற்காக அது விளையாட்டு என்று சொல்லிவிடாதே. முப்பதுக்குள் இடி கேட்டால் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே போகலாம், மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. உங்கள் சிங்கப்பூரில் மின்னல் எச்சரிக்கை வந்தால் நீச்சல் குளத்தில் இருந்து எல்லோரையும் ஏறச் சொல்கிறார்களே, அது ஏன் என்று அவனுக்கும் புரியும்.

சத்தம் எப்படி வருகிறது என்று கேட்பான். மின்னல் போகிற வழியில் உள்ள காற்று ஒரு நொடிகூட ஆகாமல் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடாகி வெடித்து விரிகிறது, அந்தச் சத்தம்தான் இடி. தாளிக்கும்போது கடுகு வெடிக்கிறதே, அந்த மாதிரி என்று சொல், அடுப்படி அவனுக்குத் தெரியும்.

அப்புறம், அவன் புத்தகத்தில் இருக்கிற நான்கு பருவமும் பனிமனிதனும் சிங்கப்பூரில் எங்கே இருக்கிறது? எங்கள் அங்கன்வாடிச் சுவரிலும் அதே படம்தான் ஒட்டியிருந்தது, மன்னார்குடிப் பிள்ளைகள் அதைப் பார்த்து "இது என்ன பஞ்சா டீச்சர்" என்று கேட்பார்கள். ஜன்னலைத் திறந்து காட்டு. இந்த ஏப்ரல் மாதத்தில் அங்கே காற்று அடங்கிக் கிடக்கும், காலையில் தரை நன்றாகக் காயும், பதினொரு மணிக்கு மேல் மேகம் காலிஃபிளவர் மாதிரி மேலே மேலே பூக்கும், பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் இடி. மேகம் பூப்பதைப் பார்த்து "இன்னிக்கு இடி வரும்" என்று அவனே முதலில் சொல்லிவிட்டானானால், அன்றைக்கு மேசைக்கு அடியில் போக மாட்டான். போனாலும் பரவாயில்லை, அங்கேயே உட்கார்ந்து எண்ணட்டும், நீயும் கூட உட்கார்.

மழையையும் அளக்கச் சொல். நான் வடகம் போட்டு அனுப்பிய டப்பா இருக்குமே, அடியும் வாயும் ஒரே அகலம், அதுதான் வேண்டும், பாட்டில் ஆகாது. ஜன்னல் கம்பி மேல் நீட்டி வைக்காதே, கீழே யார் தலையிலாவது விழும், கீழே புல்தரையில் வைத்துவிட்டு வாருங்கள். மழை விட்டதும் ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று அவனே பார்க்கட்டும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். பால் பாக்கெட்டைக் காட்டிச் சொல்.

இங்கே ஒரு பொட்டு மழை இல்லை, மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு பேசும்போது எத்தனை அர்ச்சுனா என்று குட்டியையே சொல்லச் சொல், நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அம்மா